கிங்டம் ரஷ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் நண்பர்களும் கிங்டம் ரஷ் என்னும் இந்த டவர் டிஃபென்ஸ் வகை விளையாட்டைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி வந்தேன். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் 2011இல் வெளிவந்த முதல் பாகத்தைப் பற்றியே பேசுகிறேன். அதைத்தான் ஆண்டுக்கு ஒரு முறையாவது தொடக்கத்திலிருந்து ஆடி முடிக்கிறேன்.

டவர் டிஃபென்ஸ் என்றால் என்ன?

எதிரிகள் ஒரு பாதையில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பாதையின் மறுமுனையை அவர்கள் அடைந்துவிடக் கூடாது. வழியோரம் கோபுரங்களைக் கட்டி வீழ்த்த வேண்டும். வீழ்த்தினால் பொற்காசு கிடைக்கும். அந்தக் காசில் புதிய கோபுரம் கட்டலாம், அல்லது இருப்பதை வலுப்படுத்தலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அலை என்று பெயர்.

வார்கிராஃப்ட் 3 விளையாட்டின் ரசிகர்கள் தாங்களே உருவாக்கிய வரைபடங்களில் இந்த வகை நன்றாக வளர்ந்தது. 2007இல் டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ் வந்த பிறகு, உலாவியைத் திறந்தவர்கள் எல்லாரும் ஆடும் விளையாட்டாகிவிட்டது. மதிலைக் காத்து நிற்பதற்கு நொச்சி என்று பெயரிட்டு இலக்கணம் வகுத்தது நம் மொழி. ஆனால் இங்கே மதில் கிடையாது, திறந்து கிடக்கும் சாலைதான். அதை எப்படி மறிப்பது என்பதே கேள்வி.

கிங்டம் ரஷ் யார் செய்தது?

தென் அமெரிக்காவில் உருகுவேயின் தலைநகர் மோண்டேவீடியோவைச் சேர்ந்த அயர்ன்ஹைட் என்ற சிறு நிறுவனம். மூன்று பேர் சேர்ந்து 2010இல் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் ஆர்மர் கேம்ஸ் தளத்தில், உலாவியில் ஓடும் ஃபிளாஷ் விளையாட்டாக இது வந்தது. அதே ஆண்டு இறுதியில் ஐபேடுக்கும், 2013இல் ஆண்ட்ராய்டுக்கும், 2014 ஜனவரியில் ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளம் வழியாகக் கணினிக்கும் வந்தது. 2020 டிசம்பரோடு அடோபி ஃபிளாஷைக் கைவிட்டபோது அந்தக் காலத்து உலாவி விளையாட்டுகள் எத்தனையோ மறைந்தன. இது அதற்குள் வேறு வீடு தேடிக்கொண்டுவிட்டது.

நான்கே கோபுரங்களா? சலித்துவிடாதா?

ஆம், நான்கே: வில்லாளர் கோபுரம், படைவீடு, மந்திரவாதி கோபுரம், பீரங்கிக் கோபுரம். முதல் இரண்டுக்கும் 70 காசு, மந்திரவாதிக்கு 100, பீரங்கிக்கு 125. ஒவ்வொன்றையும் இரண்டு முறை மேம்படுத்தலாம். நான்காம் நிலைக்குப் போகும்போது இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வில்லாளர்கள் காட்டுக் காவலர்களாகலாம், அல்லது துப்பாக்கி வீரர்களாகலாம். படைவீட்டிலிருந்து புனித வீரர்களோ காட்டுமிராண்டிப் போராளிகளோ வெளிவருவார்கள்.

எண்ணிக்கை குறைவாக இருப்பதுதான் இதன் நல்ல குணம் என்பேன். இருபது முப்பது வகைக் கோபுரங்களைக் கொட்டி வைத்திருக்கும் விளையாட்டுகளில் பாதியை நாம் தொடவே மாட்டோம். இங்கே நான்கும் நான்கு வேலை செய்கின்றன. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. வில்லாளர் வேகமாக எய்வார்கள், வானத்தில் பறப்பதையும் அடிப்பார்கள், ஆனால் இரும்புக் கவசத்தின் முன் அவர்கள் அம்பு மழுங்கும். மந்திரவாதிக்குக் கவசம் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் அவர் மெதுவானவர். பீரங்கி கூட்டத்தையே சிதறடிக்கும், ஆனால் தொடக்க நிலைகளில் பறப்பவற்றைத் தொடாது.

படைவீட்டை ஏன் எப்போதும் இவ்வளவு புகழ்கிறீர்கள்?

இந்த விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

பழைய டவர் டிஃபென்ஸ் விளையாட்டுகள் பலவற்றில் எதிரிகள் நடந்துகொண்டே இருப்பார்கள், கோபுரங்கள் சுட்டுக்கொண்டே இருக்கும். கட்டி முடித்த பிறகு நமக்குப் பார்வையாளர் வேலைதான். கிங்டம் ரஷ்ஷில் படைவீட்டிலிருந்து மூன்று வீரர்கள் இறங்கிச் சாலையின் நடுவே நிற்கிறார்கள். தரையில் வரும் எதிரி அவர்களிடம் நின்று சண்டையிட்டே ஆக வேண்டும். ஒரு வீரன் ஓர் எதிரியை மறிப்பான். மூவரும் கைகலந்திருக்கும்போது நான்காவதாக வருபவன் பக்கத்தில் நழுவிப் போய்விடுவான். இந்த எளிய கணக்கிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கின்றன.

பீரங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு மேலே எழுந்து வளைந்து விழ நேரமாகும். வேகமாக ஓடும் ஓநாய்கள் அதற்குள் கடந்துவிடும். குண்டு வெறும் மண்ணில் விழும். அதே ஓநாய்களை மூன்று வீரர்கள் ஒரு கணம் தடுத்து நிறுத்தினால், அந்தக் குண்டு ஒரே அடியில் கூட்டத்தை அள்ளிவிடும். ஆகவே பீரங்கி எவ்வளவு பயன் தரும் என்பதைத் தீர்மானிப்பது பக்கத்தில் இருக்கும் படைவீடுதான். வீரர்கள் நிற்கும் இடத்தையும் நாம் நகர்த்தலாம். கோபுரத்தின் எல்லைக்குள் கொடியை எங்கே நாட்டுகிறோமோ அங்கே போய் நிற்பார்கள். சாலை வளையும் இடத்தில், இரண்டு மந்திரவாதிகளின் வீச்சும் ஒரு பீரங்கியின் வீச்சும் ஒன்றாகச் சேரும் புள்ளியில் கொடியை நாட்டிப் பாருங்கள். நான்கு விரல் அளவு நகர்த்தியதாலேயே, முன்பு தோற்ற கட்டத்தை வென்றிருக்கிறேன்.

இறந்த வீரர்கள் சில நொடிகளில் திரும்ப வருவார்கள். அந்தச் சில நொடிகள்தான் நெஞ்சு படபடக்கும் நேரம். அப்போதுதான் துணைப்படை கை கொடுக்கும். சில நொடிகளுக்கு ஒரு முறை, காசு எதுவும் செலவின்றி, இரண்டு ஆட்களைச் சாலையில் எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம். முதலில் வருபவர்கள் வெறும் குடியானவர்கள்தான். ஓர் அரக்கனின் முன் அவர்கள் நிலைக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் நின்று வாங்கித் தரும் நான்கைந்து நொடிகளில் மந்திரவாதி இன்னொரு முறை அடித்துவிடுவார். துணைப்படையைத் தயாராக வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய வீண்செலவு.

கோபுரத்தை விரும்பிய இடத்தில் ஏன் கட்ட முடியாது?

வரைபடத்தில் குறித்த மனைகளில் மட்டும்தான் கட்டலாம். தொடக்கத்தில் எனக்கும் இது எரிச்சலாகவே இருந்தது. சாலை அருமையாக வளையும் ஓரிடத்தில் மனையே இருக்காது. பயனில்லாத மூலையில் இரண்டு காலியாகக் கிடக்கும்.

இப்போது அதன் நியாயம் புரிகிறது. எங்கும் கட்டலாம் என்றால் மிகச் சிறந்த ஓர் அமைப்பைக் கண்டுபிடித்து எல்லாக் கட்டங்களிலும் அதையே திரும்பச் செய்வோம். மனைகள் குறிக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு கட்டமும் வேறொரு கணக்காகிறது. ஆனாலும் குறை முழுவதும் நீங்கிவிடவில்லை. ஒரு கட்டத்தை மூன்றாம் முறை ஆடும்போது, எந்த மனையில் எது வர வேண்டும் என்று வடிவமைத்தவர் நினைத்திருக்கிறாரோ அதைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் வந்துவிடும். தன் போக்கில் புதிதாக ஏதாவது செய்து பார்க்க விரும்புகிறவருக்கு இது இறுக்கமான சட்டைதான்.

கவசமும் மந்திரத் தடுப்பும் எங்கே தெரியும்?

எதிரியைத் தட்டினால் கீழே விவரம் வரும். முதன்மைப் பட்டியலில் உள்ள கலைக்களஞ்சியத்தில் இதுவரை சந்தித்த எதிரிகள் அனைவரைப் பற்றியும் படிக்கலாம். அடுத்த அலையில் யார் வருகிறார்கள் என்பதைச் சாலையின் தொடக்கத்தில் தோன்றும் மண்டையோட்டுச் சின்னத்தில் பார்க்கலாம். இதைப் பார்க்காமல் கட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டுவதுதான். கரிய கவச வீரர்கள் வருகிறார்கள் என்றால் மந்திரவாதி வேண்டும். ராட்சதச் சிலந்திகள் மந்திரத்தை உதறிவிடும், அவற்றுக்கு அம்பும் குண்டும்தான் மருந்து.

கடைசி அலையில் மட்டும் தோற்கிறேன். என்ன தவறு செய்கிறேன்?

அதிகம் வரும் கேள்வி இது. என்னை அதிகம் நோகடித்ததும் இதுதான்.

ஒரு கட்டத்தில் கால் மணி நேரம் கவனமாக ஆடியிருப்பீர்கள். எதிரி மறுமுனையை அடைந்தால் இழக்கும் உயிர்களில் ஒன்றுகூடப் போகவில்லை. கடைசி அலையில் பெரிய எதிரி ஒருவன் வருகிறான், வீரர்களைத் தட்டிவிட்டு நடந்தே போகிறான், ஆட்டம் முடிந்தது. நடுவில் சேமித்த இடம் எதுவும் கிடையாது, முதல் அலையிலிருந்து தொடங்க வேண்டும். எங்கே தவறினோம் என்று உடனே சரிசெய்து பார்க்கும் வாய்ப்பை இது பறிக்கிறது. அரை மணி நேரம் மட்டும் ஓய்வு கிடைக்கும் ஒருவரிடம் இப்படிச் செய்வது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். கடைசிக் கட்டமான கரிய கோபுரத்தில், கதையின் முதன்மை எதிரியான மந்திரவாதி வெஸ்னானிடம் நான் தொடர்ந்து மூன்று நாள் தோற்றேன். அவன் நம் கோபுரங்களைக் கட்டிப்போடுவான். வேகமாகத் தட்டி விடுவிக்க வேண்டும். இங்கே ஒரு கோபுரத்தை விடுவிப்பதற்குள் அங்கே வாயில் திறந்து பேய்களை இறக்குவான். அதற்கு முந்தைய பதினொரு கட்டங்களில் நமக்குக் கற்பித்தது நிதானமாகத் திட்டமிடும் கலை. கடைசியில் கேட்பது விரல் வேகம். அந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, தவறு எங்கே இருக்கும்? பெரும்பாலும் காசைப் பரப்பிவிடுவதில். பத்து மனைகளில் பத்து முதல்நிலைக் கோபுரங்கள் இருப்பதைவிட, ஒரே வளைவைச் சுற்றி நான்கு உயர்நிலைக் கோபுரங்கள் இருப்பது மேல். எதிரிகளை நிறுத்துமிடம் ஒன்றைத் தீர்மானியுங்கள். எல்லாக் காசும் அங்கே போகட்டும். அடுத்தது, விற்கத் தயங்காதீர்கள். போட்ட காசில் ஒரு பகுதிதான் திரும்பும், ஆனாலும் தவறான இடத்தில் நிற்கும் கோபுரம் கடைசி வரை தவறாகவே நிற்கும். அடுத்த அலையைக் குறித்த நேரத்துக்கு முன்பே மண்டையோட்டைத் தட்டி அழைத்தால் கூடுதல் காசு வரும், நெருப்பு மழையும் (வானிலிருந்து எதிரிகள்மேல் நெருப்பைக் கொட்டும் நம் இன்னோர் ஆற்றல்) துணைப்படையும் விரைவில் தயாராகும். தொடக்கத்தில் எளிதாக இருக்கும் மூன்று நான்கு அலைகளில் இதைச் செய்யப் பழகுங்கள். அந்தக் காசுதான் கடைசி அலையில் கோபுரமாக நிற்கும்.

வேகப்படுத்தும் பொத்தான் ஏன் இல்லை?

இல்லை, அது பெரிய குறைதான். முதல் அலைகளில் நாலு கோப்ளின்கள் நடந்து வருவதை ஏழாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருப்பது பொறுமையைச் சோதிக்கும். அலையை முன்கூட்டி அழைக்கலாமே என்று பதில் சொல்வார்கள். ஆனால் அது காலத்தை வேகப்படுத்துவதில்லை, ஆபத்தைக் கூட்டுகிறது. இரண்டும் வேறு. தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விதியும் வேகப்படுத்த முடியாது என்ற விதியும் ஒன்றாக இருப்பதுதான் வலி. இரண்டில் ஒன்றைத் தளர்த்தியிருந்தால் பாதி மனக்குறை தீர்ந்திருக்கும்.

நான்காம் நிலையில் எதைத் தேர்வது?

கட்டத்தைப் பொறுத்தது என்றாலும் என் விருப்பங்களைச் சொல்கிறேன். காட்டுக் காவலர் கோபுரத்துக்கு நஞ்சு அம்பும், எதிரிகளைக் கொடிகளால் கட்டிப்போடும் திறனும் உண்டு. இரண்டு மூன்று காவலர் கோபுரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சாலையே உறைந்து நிற்கும். துப்பாக்கி வீரர்களின் வீச்சு மிக நீளம், ஆனால் மெதுவாகச் சுடுவார்கள். ஒற்றைப் பெரிய எதிரிக்கு அவர்களை வையுங்கள். மந்திரவாதிகளில் ஒரு பிரிவினர் தங்கள் கதிரால் எதிரியை ஒரே அடியில் மறையச் செய்வார்கள். வந்த வழியில் பின்னுக்கு அனுப்பவும் செய்வார்கள். இன்னொரு பிரிவினர் எதிரியை ஆட்டுக்குட்டியாக்குவார்கள், கற்பூதம் ஒன்றை வரவழைத்துச் சாலையில் நிறுத்துவார்கள். அந்தக் கற்பூதம் ஒரு படைவீட்டுக்குச் சமம். மனை குறைவாக உள்ள கட்டங்களில் நான் அதைத்தான் நம்புகிறேன்.

பனி மலைக் கட்டம் ஒன்றில் உறைந்து மூடிய குகை உண்டு. அதன்மேல் நெருப்பு மழையை ஏவிப் பாருங்கள். உள்ளிருந்து வருபவனைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம். இதை விளையாட்டு எங்கும் சொல்லித் தராது. தானே கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சியை உங்களிடமிருந்து கொஞ்சம் திருடிவிட்டேன்.

நட்சத்திரங்கள் எதற்கு?

தொடங்கும்போது 20 உயிர்கள். 18க்குக் குறையாமல் முடித்தால் மூன்று நட்சத்திரங்கள். பிறகு அதே கட்டத்தில் வீரச் சவால், இரும்புச் சவால் என்று இரண்டு திறக்கும். இரண்டிலும் ஓர் உயிர்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரம். முதன்மைக் கதையின் 12 கட்டங்களுக்கும் சேர்த்து 60. நட்சத்திரங்களைச் செலவழித்துக் கோபுரங்களுக்கும் துணைப்படைக்கும் நெருப்பு மழைக்கும் நிரந்தர வலிமை வாங்கலாம். இங்கே ஒரு பெருந்தன்மை இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் நட்சத்திரங்களை எல்லாம் திரும்பப் பெற்று வேறு விதமாகப் பங்கிடலாம், அபராதம் கிடையாது. ஒரு கட்டம் முடங்கினால் முதலில் இதைச் செய்யுங்கள்.

இரும்புச் சவாலில் சில கோபுரங்களைத் தடை செய்துவிடுவார்கள். எனக்கு விளையாட்டிலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான். மந்திரவாதியே இல்லாமல் கவச வீரர்களை எதிர்கொள்ள வேண்டி வந்தபோதுதான் பீரங்கியின் உண்மையான அருமை எனக்குத் தெரிந்தது.

நாயகர்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

வேண்டாம். நாயகர்கள், அதாவது களத்தில் நாமே நகர்த்திச் சண்டையிட வைக்கும் தனித்திறன் வீரர்கள், பின்னால் சேர்க்கப்பட்டவர்கள்; அவர்கள் துணையின்றியே எல்லாக் கட்டங்களையும் முடிக்கலாம். கைப்பேசிப் பதிப்பில் ஜெரால்ட், அலேரியா, மாலிக் மூவரும் ஆட்டத்தின் போக்கில் தாமாகவே கிடைப்பார்கள். மற்றவர்களில் பலருக்குத் தனி விலை. ஸ்டீம் பதிப்பில் நாயகர்கள் எல்லாரும் விளையாட்டின் விலைக்குள்ளேயே அடக்கம்.

ஒரே விளையாட்டு, இரண்டு விற்பனை முறை. கைப்பேசியில் ஒரு சிறுவன் தோற்றதும், வாங்க வேண்டிய நாயகனின் படம் பூட்டோடு அவன் கண்முன் நிற்கிறது. தன் திறமையில் குறையா, பணத்தில் குறையா என்ற குழப்பம் அவனுக்கு வருகிறது. சின்னக் குழுவுக்குப் பிழைப்பு வேண்டும் என்பது எனக்குப் புரியாமலில்லை. ஆனால் திறமையால் வெல்லும்படி இவ்வளவு அளவெடுத்துச் செய்த ஒன்றில் அந்தச் சந்தேகத்தை நுழையவிட்டிருக்கக் கூடாது.

ஆங்கிலம் தெரியாத குழந்தைகள் ஆடலாமா?

தமிழில் இல்லை. படங்களே பெரும்பாலும் வழிகாட்டிவிடும். ஆனால் நான்காம் நிலைத் திறன்கள் என்ன செய்யும் என்பது எழுத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் பெரியவர் ஒருவர் ஒரு முறை உட்கார்ந்து சொன்னால் போதும். கேலிச்சித்திரப் பாணிதான், சிறு இரத்தத் தெறிப்பு உண்டு.

அடுத்த பாகங்கள் எப்படி?

2013இல் ஃபிரண்டியர்ஸ் வந்தது. பாலைவனமும் காடும் நிலத்தடி உலகமும் கொண்டது. சமநிலையில் முதல் பாகத்தைவிடத் தேர்ந்தது என்பேன். 2014இல் வந்த ஒரிஜின்ஸ் எல்ஃப்கள் என்ற கற்பனை இனத்தாரின் முற்கதை, கண்ணுக்கு மிக அழகு. 2018இல் வந்த வெஞ்சன்ஸில் அந்த வெஸ்னானே நம் தலைவன். அங்கே பல கோபுரங்களிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கட்டத்துக்குள் போகலாம். எனக்கு அங்கேதான் ஒன்று தவறிப்போனது. அந்த நான்கு வேலைகளும் எப்போதும் கையில் இருக்கும் என்ற உறுதியின்மேல்தான் முதல் பாகத்தின் கட்டங்கள் நின்றன. கோபுரங்கள் பெருகியதும் சில கோபுரங்கள் வெறும் அலங்காரமாயின, கைப்பேசியில் சில கோபுரங்களுக்கும் விலை வந்தது. 2024 ஜூலையில் அலையன்ஸ் வெளிவந்தது. இரண்டு நாயகர்களை ஒன்றாகக் களமிறக்கலாம் என்பது அதன் புதுமை. நாயகர்களை ஓடியாடி நகர்த்த விரும்புகிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். நிதானமாக ஆட விரும்புகிறவர்கள் முதல் பாகத்துக்கு வாருங்கள்.

மேயும் ஆடுகளைத் தட்டினால் ஏதாவது ஆகுமா?

ஆகும். ஒரே ஆட்டை விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள், அது வெடித்துவிடும். அலைகளுக்கு இடையே கை சும்மா இருக்கும் அந்த நேரத்துக்காக யாரோ உட்கார்ந்து இதைச் செய்து வைத்திருக்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது என் தங்கை மகள் கேட்டது: "மாமா, இன்னொரு ஆடு எங்கே இருக்கிறது?"